மண் கண்ணில் படக்கூடாது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. செஞ்சியில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை, பாறை இல்லாத வீட்டைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் எங்கள் பாறை லாரி உயரம். அதற்கும் எங்கள் பின்சுவருக்கும் நடுவே இருபதடி நீளம், ஒன்பதடி அகலத்துக்கு மண் தரை. ஓரத்தில் ஒரு வேப்பமரம். காலையில் பாறை வெயிலை மறைக்கும், உச்சிப் பொழுதில் வேப்பமரம் மறைக்கும், சாயங்காலம் எங்கள் வீடே மறைத்துக்கொள்ளும். கத்திரி வைத்தேன். கொக்குக் கால் மாதிரி நெட்டையாக வளர்ந்து, ஒரே ஒரு பூ பூத்து, அதையும் உதிர்த்துவிட்டுப் படுத்துவிட்டது. தக்காளி அந்த அளவுக்குக்கூட மரியாதை காட்டவில்லை.

என் வீட்டுக்காரர் கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனைக்கூட ஒரு தடவை மன்னிப்பார், சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருகிறவர்களை மன்னிக்கவே மாட்டார். மழைக்காலத்தில் அந்த மண் முழுக்க எங்கள் டைல்ஸ் மேல்தான் இருக்கும். அதனால் பின்பக்கம் முழுவதும் சிமென்ட் போட்டுவிடலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன ஆடி மாதம் சொல்வதை நிறுத்திவிட்டு, கொத்தனாருக்கு போன் பண்ணிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். நான் ஜாக்கெட் தைக்கிறவள். என் மெஷின் பின்பக்க ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என் கண்ணுக்கு எதிரே இருப்பது அந்த மண்தான். வீட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட் அவர் தேர்ந்தெடுத்தது. டைல்ஸ் என் மாமியார் தேர்ந்தெடுத்தது. டிவி வைத்த இடம், பீரோ வைத்த இடம், பூஜை அலமாரி, எதுவும் என்னைக் கேட்டு வந்ததில்லை. அந்தப் பாறை நிழல் ஒன்றைத்தான் நான் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் சிமென்ட் வந்துவிட்டால், ஆயுசு பூராவும் பஸ் ஸ்டாண்டுத் தரை மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொண்டே கொக்கி தைக்க வேண்டியதுதான்.

சண்டை போட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். “சரி, ஒனக்கு பொங்கல் வரிக்கும் டைம். அதுக்குள்ள அந்த எடம் முச்சூடும் எதயாவது வெச்சு மூடு. மண்ணு என் கண்ல படக்கூடாது. ஒரு சாண் தெரிஞ்சாலும் கொத்தனாரு வந்துடுவான்.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா நான் சிமென்ட்டுன்னு வாயத் தொறக்க மாட்டேன்.”

ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, நானும் தேடிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். நிழலில் வருகிற பூச்செடி வேண்டும் என்றேன். நர்சரிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நெழல்கிட்ட பூவு கேக்காதீங்கம்மா, எலைய கேளுங்க. அள்ளிக் குடுக்கும்” என்று ஒரு தொட்டியை எடுத்து நீட்டினார். தரையோடு தரையாகப் படர்கிற செடி. இலையின் மேல்பக்கம் பச்சையில் வெள்ளிப் பட்டை போட்டிருந்தது. திருப்பினால் அடிப்பக்கம் நல்ல கத்திரிப்பூ நிறம். இந்தப் புடவைக்கு என்ன கலர் ஜாக்கெட் வைப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார். பஸ்ஸில் ஏறும்போதே மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது பட்டைச் செடி ஆயிற்று.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து அதைப் பதினோரு துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு கணுவும் மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். கொண்டை ஊசியை மடக்கி ஒவ்வொரு கொடியையும் மண்ணோடு சேர்த்துக் குத்தி வைத்தேன். அதிகம் தண்ணீர் ஊற்றினால் தண்டு அழுகிவிடும், ஊற்றாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரத்தில் அதன் மனசு எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் மனசு புரிய இதைவிட அதிக நாள் ஆயிற்று.

எதிர்வீட்டு அக்கா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். எங்கள் தெருவில் தரை என்றால் பெருக்கிப் பெருக்கி வழுவழுவென்று இருக்க வேண்டும். ஒரு இலை கிடந்தால்கூட, அந்த வீட்டுப் பொம்பளை சரியில்லை என்று அர்த்தம். “மண்ணு தெரியாம எலய பரப்பி வெக்கறியே, பூச்சி பொட்டு வந்து படுத்துக்காது?” என்றாள். அப்புறம் குனிந்து இலையைத் திருப்பி அடிப்பக்க நிறத்தைப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது.

“எங்கேந்து திருடின?”

“திருடலக்கா. காசு குடுத்து வாங்கினேன்.”

“காசு குடுத்தியா! அப்ப வளராது போ.”

வளர்ந்தது. புரட்டாசியில் பாதித் தரையைப் பிடித்துவிட்டது. அக்கா தினமும் வந்து பார்த்தாள். கேட்கக் கூச்சப்படுகிறாள் போல என்று நானே நாலு கொடி கிள்ளி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய்விட்டாள். “அய்யய்ய, குடுத்தா வேர் புடிக்காது, திருடினாதான் புடிக்கும். இன்னா பொண்ணும்மா நீ! உள்ள போ. போயி அடுப்ப பாரு.” அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். உள்ளே நின்று இருபது வரை எண்ணிவிட்டு வந்தேன். அக்காவும் இல்லை, ஆறு கொடியும் இல்லை. நான் கொடுத்திருந்தால் நாலோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு ஜாக்கெட் தைக்க வருகிற எல்லோருக்கும் பின்பக்கம் வேலை வந்துவிட்டது. ஒருத்திக்குக் கை கழுவ வேண்டும், ஒருத்திக்கு போனில் டவர் பின்னால்தான் கிடைக்கிறது. பனமலையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு அம்மா அளவு ஜாக்கெட் கொண்டுவந்த கவரிலேயே கொடியை வைத்துக்கொண்டு போனார். கவருக்கு வெளியே ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்க்காத மாதிரி, “கை எவ்ளோ எறக்கம் வெக்கட்டும்?” என்று கேட்டேன்.

முதலில் வயிறெரிந்தேன். ஊரே கிள்ளினால் எனக்கு எப்போது மண் மூடும்? பிறகுதான் கவனித்தேன். நுனி கிள்ளிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கிளைத்திருந்தது. யாரும் தொடாத வேப்பமர ஓரத்தில் மட்டும் செடி வத்தலும் தொத்தலுமாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று முதல் வருகிறவர்களை நானே, “பின்னாடி மர ஓரமா போயி கைய கழுவுங்க” என்று அனுப்பினேன். மார்கழி பிறந்தபோது பாறை அடி முதல் வீட்டுச் சுவர் வரை வெள்ளியும் ஊதாவுமாகப் பாய் விரித்த மாதிரி இருந்தது. மெஷினை மிதிப்பேன், பார்ப்பேன், மிதிப்பேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் பெரிய சர்டிபிகேட்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குரங்குகள் வந்தன.

கோட்டைக் குரங்குகள் ஊருக்குள் வருவது புதுசில்லை. ஆனால் இந்தத் தடவை ஒரு குடும்பமே எங்கள் பாறையிலிருந்து வரிசையாக இறங்கியது. தின்னவும் இல்லை, பிய்த்து விளையாடவும் இல்லை. ஒரு பெரிய பெண் குரங்கு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கொடியாக உருவி, மேல்பக்கம் பார்த்து, திருப்பி அடிப்பக்கம் பார்த்து, பிடிக்கவில்லை என்று தள்ளிப் போட்டது. ஜவுளிக் கடையில் புடவை பார்க்கிற பொம்பளைகூட இத்தனை புரட்ட மாட்டாள். நான் சாக்கட்டியை எறிந்தேன். ஸ்கேலை எறிந்தேன். ஆத்திரத்தில் கையில் இருந்த இஞ்ச் டேப்பையும் எறிந்தேன். அது டேப்பைப் பிடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உருவிய கொடியையெல்லாம் அணைத்துத் தூக்கிக்கொண்டு பாறை உச்சிக்குப் போய்விட்டது. உச்சியில் வெயில் சுளீர் என்று இருந்தது. மதியத்துக்குள் என் ஆறு மாத உழைப்பு அப்பளமாகிவிட்டது. இங்கே தரையில் நடுவாக, இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது.

மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய நாற்பது ஜாக்கெட் பக்கத்தில் வெட்டாமல் கிடந்தது.

அழுது முடித்ததும் புத்தி வந்தது. தெரு முழுக்க என் செடிதானே இருக்கிறது! எதிர்வீட்டில் பெயின்ட் வாளியில் கொழுகொழுவென்று தொங்குகிறது. நேராகப் போனேன். “அக்கா, கொரங்கு நாசம் பண்ணிடுச்சு. கொஞ்சம் கொடி குடுக்கா.”

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “குடுத்தா புடிக்காதுன்னு தெரியாதா ஒனக்கு? ஒன்பது நாளு தான் இருக்குது, இப்ப போயி கேட்டு வாங்கறியே.”

“அது எங்க வீட்டு செடிதானக்கா.”

“ஒங்க வீட்டுதுதான், யாரு இல்லன்னா? அதுக்குன்னு கேப்பியா? வெளிய போயிட்டு வா. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்தேன். கொலுசு காட்டிக்கொடுத்தது. “கொலுச கழட்டிட்டு வா” என்றாள், திரும்பாமலேயே. கழற்றிவிட்டு வந்தேன். கொடியைக் கைநிறைய வெட்டி எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கும்போது, பழக்கதோஷம், “வரேன்க்கா” என்று சொல்லித் தொலைத்தேன்.

அக்கா முறத்தைத் தரையில் அடித்தாள். “திருட வந்தவ சொல்லிக்கினு போவாளா? போட்டுட்டு போ, மொதல்லேந்து வா!”

மூன்றாவது தடவைதான் பாஸானேன். அதற்குள் அக்கா தெரு முழுக்க போன் பண்ணிவிட்டாள் போலிருக்கிறது. நான் போன வீட்டிலெல்லாம் கதவு திறந்து கிடந்தது. பொம்பளைகள் பட்டப்பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் முக்காட்டைப் போர்த்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக் குலுங்கினார்கள். இன்னொரு வீட்டில் தொட்டியை வாசலுக்கே நகர்த்தி வைத்து, பக்கத்தில் கத்தரிக்கோலும் வைத்திருந்தார்கள். ஜாக்கெட் ஒரு நாள் தாமதமானால் வாசலில் நின்று கத்துகிற ஜனம் இது. நன்றி சொல்லவும் கூடாதே, சொன்னால் வேர் பிடிக்காது. வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.

கடைசி வீட்டிலிருந்து முந்தானைக்குள் மூட்டையோடு வரும்போது, டியூட்டி முடிந்து காக்கியில் வந்த என் வீட்டுக்காரர் எதிரே நின்றார்.

“இன்னா அது?”

“துணி.”

முந்தானைக்குக் கீழே ஒரு கொடி ஆடிக்கொண்டிருந்தது. டிக்கெட் இல்லாதவனைக் கடைசி சீட்டில்கூட மூஞ்சியைப் பார்த்தே பிடிக்கிற மனுஷன் அவர். கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் செடி, பிறகு ஜாக்கெட். விரலெல்லாம் செடிச் சாறு பட்டு நமைச்சல். வீட்டில் கொண்டை ஊசி தீர்ந்து, தலையை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு திரிந்தேன். போகி அன்று காலையில் கொத்தனார் வந்துவிட்டார். பொங்கலுக்கு வந்து பார் என்று இவர் ஆடியில் சொன்னதை மறக்காமல், டேப்பும் பென்சிலுமாக வந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி தோட்டத்தில் இறங்கினார். குனிந்து குனிந்து பார்த்தார். பாறை அடியில் பார்த்தார், நடுவில் பார்த்தார், சுவர் ஓரம் பார்த்தார். நான் பின்வாசலில் நின்றேன். கையில் நூல் சுற்றிய மெஷின் பாபின் இருந்தது, அதைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். வேப்பமரத்துக்குக் கிட்டே போனதும் அவர் நின்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு கொடி அழுகிச் சுருண்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பாக மண் தெரிந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கி, அந்த மண்ணின் மேல் அழுத்தி வைத்தார்.

“மண்ணு எங்கயும் தெரியலயேப்பா” என்றார் கொத்தனாரிடம்.

“அண்ணே, கொஞ்சம் கால எடு, அந்தாண்ட அளந்துக்கறேன்.”

“தெரியலன்றேன், இன்னாத்துக்கு அளக்கற?”

கொத்தனாருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பாறை நிழலில் குந்திக்கொண்டு சிமென்ட் விலையைப் பேசினார், மகள் காலேஜைப் பேசினார். நான் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். என் வீட்டுக்காரர் அசையவே இல்லை. தன் டீயை நின்ற இடத்திலேயே வாங்கிக் குடித்தார். வேப்பமரத்து அடியில் கட்டெறும்புப் புற்று இருக்கிறது. அவர் முகம் சிவப்பதும், கெண்டைக்கால் துடிப்பதும் எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. ஒரு தடவை மட்டும் “ஸ்ஸ்” என்றார். கொத்தனார் நிமிர்ந்து பார்த்ததும், “டீ சுடுது” என்றார்.

கடைசியில் கொத்தனார் எழுந்து, போகும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, “அடியில நல்லா இருக்குதுண்ணே கலரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் இவர் காலை எடுக்கவில்லை.

“அவன் வண்டி தெரு திரும்பிடுச்சா பாரு” என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். “போயிடுச்சுங்க.”

காலை எடுத்து, லுங்கியை உதறி, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து எறும்பைத் தட்டினார். “அந்த எடத்துல ரெண்டு கொடி வெச்சு வுடு” என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். ஐந்து காசு சில்லறைக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷன், இருபத்திரண்டு வருஷத்தில் எனக்காக ஒரு பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உள்ளே போய் அவர் காலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தேன்.