குடிக்காமல் வைத்த சாயா

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது ஷார்ஜாவில் எங்கள் முவைலா லேபர் கேம்ப் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் அமைச்சர் வருகிறார் என்றதும், "நீ வாயத் தொறக்காத, சாயா மட்டும் போடு" என்று நெய்வேலிக்காரர் என்னை மெஸ்ஸுக்குள் தள்ளிவிட்டார்.

நெய்வேலிக்காரர் எங்கள் ரூமில் மூத்தவர். ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், ஸ்ட்ரைக்கெல்லாம் நேரில் கண்டவர். "அங்க கொடி புடிச்சா பேச்சுவார்த்தைக்குக் கூப்புடுவான். இங்க கொடி புடிச்சா பொட்டியக் கட்டச் சொல்லுவான்" என்று எங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் அந்தக் கோடையில் டூட்டி பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று முதலில் வாசலில் உட்கார்ந்ததே அவர்தான்!

காரணம் எங்கள் ரூம் குமரிக்காரன். கடற்கரை ஊர், சைட்டில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் அம்மாவை நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். மகனைப் பார்க்கணும் என்பதைத் தவிர அந்த அம்மா வேறு பேச்சே பேசவில்லையாம். இவன் எமர்ஜென்சி லீவ் கேட்டான். கிரேனை யார் ஓட்டுவது, வேலை முடியட்டும் என்றார் மேனேஜர். பாஸ்போர்ட் ஷார்ஜா தொழில்பேட்டையில், கம்பெனி ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள். போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டி, "அம்ம இருக்காளா?" என்று அவன் கேட்கிறதைக் கேட்டுக்கொண்டு எங்களால் சோறு தின்ன முடியவில்லை. எத்தனையோ பொறுத்திருக்கிறோம். பெற்றவளைப் பார்க்க விடமாட்டேன் என்றால் எவன் பொறுப்பான்? தமிழன், மலையாளி, பீகாரி, பாகிஸ்தான் பட்டாணியன், ஒருத்தனும் வேலைக்குப் போகவில்லை.

கட்டிக்கொண்டிருந்தது அரசாங்கக் கட்டடம். அதனால் விஷயம் மேலே மேலே போய், அமைச்சரே பேச வருகிறார் என்று வந்து நின்றது. அத்தனை பேர் விசாவையும் கேன்சல் பண்ணி ஊருக்கு ஏற்றப்போகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது.

குரோசரியில் புதுக் கண்ணாடி கிளாஸ் வாங்கி, ஏலக்காய் தட்டிப்போட்டுச் சாயா போட்டேன். வந்த அமைச்சர் வெள்ளைக் கந்தூரா அங்கியில் இருந்தார், கொஞ்சம் வயசானவர். மெஸ் பெஞ்சில் எங்களோடேயே உட்கார்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு காசர்கோட்டுக்காரர், பின்னால் எங்கள் மேனேஜர். நான் கிளாஸை நீட்டினேன். வாங்கினார். உதடுகூடப் படாமல் அப்படியே முன்னால் வைத்துவிட்டார்.

சரி, சூடாக இருக்கிறது என்று பார்த்தேன். பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருவுக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சேன்" என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடல் தாண்டி வந்தும் இதே கதையா!

"ஏங்க, எங்க கையால வாங்கிக் குடிச்சா தீட்டா? குடிக்க மாட்டாருன்னா எதுக்கு வாங்கணும்?" என்று காசர்கோட்டுக்காரரிடம் கத்திவிட்டேன். "கெடுத்தான்டா காரியத்த" என்று நெய்வேலிக்காரர் தலையில் கை வைத்தார். மேனேஜர் முகம் சிவந்தது.

அமைச்சர் என்னவென்று கேட்டார். காசர்கோட்டுக்காரர் தயங்கித் தயங்கி அரபியில் சொன்னார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கிளாஸைத் தொட்டுக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார்.

"தம்பி, கோவிக்காதே" என்றார் காசர்கோட்டுக்காரர். "இது இவங்க பழைய வழக்கம். ஒரு வீட்டுக்கு ஒண்ணு கேட்டுப் போனா, காப்பியோ சாயாவோ குடிக்காம முன்னால வைக்கணும். வீட்டுக்காரன் 'நீ கேட்டது தந்தேன், குடி'ன்னு சொன்னாத்தான் குடிக்கணும். இது உங்க வீடு. அவர் உங்ககிட்ட கேட்க வந்த ஆளு."

எங்கள் வீடா? இரும்புக் கட்டிலும் கரப்பான்பூச்சியுமாகக் கிடக்கிற இந்தக் கேம்ப்பா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் என் சாயாவைக் குடிக்க என் வார்த்தைக்குக் காத்திருந்தார்.

நெய்வேலிக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கேக்கச் சொல்லு, இன்னா வேணுமாம்?" என்றார்.

"நாளைக்கு எல்லாரும் டூட்டிக்குப் போகணும்னு கேட்கறார்."

"போறோம். ஆனா வீட்டுக்காரன் நானில்ல, இவந்தான்" என்று குமரிக்காரனை முன்னால் இழுத்துவிட்டார். "இவங்கையில பாஸ்போர்ட்டு வரட்டும். இவஞ்சொன்னா அவரு குடிக்கட்டும்."

அமைச்சர் மேனேஜர் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை, இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பார். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

தொழில்பேட்டையிலிருந்து கார் வருகிறவரை பெரியவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நெய்வேலிக்காரரிடம் சுரங்கத்தைப் பற்றி விசாரித்தார், எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கேட்டார். ஸ்ட்ரைக் பண்ணியதற்காக யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்றும் சொன்னார். சாயாவில் ஆடை படிந்துவிட்டது. வேறு போடுகிறேன் என்று கை நீட்டினேன். கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, வேண்டாம் என்கிற மாதிரி "மாஃபி" என்றார். அவர் கேட்டது இந்தக் கிளாஸின் பேரில்தானாம்.

பாஸ்போர்ட் வந்தது. குமரிக்காரன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அழுகைக்கு நடுவில், "குடியுங்க சார்" என்றான். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் ஆடையோடு ஒரே மடக்காகக் குடித்து முடித்தார். முகம் கோணியது. "சர்க்கரை அதிகம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குமரிக்காரன் அன்றைக்கே பிளேன் ஏறிவிட்டான். மறுநாள் நாங்கள் சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தாலும் என் கவனம் மொபைலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அடித்தது. "மக்கா, அம்ம இருக்கா. கண்ணத் தொறந்து எனக்கத் தலையத் தடவுனா. இந்தா, ஒனக்கிட்டப் பேசணுமாம்."

இழுத்து இழுத்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "மக்களே, இவன் எல்லாஞ் சொன்னான். எனக்கப் பிள்ளைய எங்கிட்ட அனுப்பி வச்ச மனுசனுக்கு ஆறிப்போன சாயாவையா லே குடுத்த? கொஞ்சம் சூடாக்கிக் குடுக்கப்பிடாதா?"

"தப்புதாம்மா" என்று நான் ஒத்துக்கொண்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.