டாக்டர் வீட்டில் பெண் பார்த்தார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு டாக்டர் ஜெபராஜின் தங்கை எமிலியைப் பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு ஆஜர். கேசரியும் ஒரு காரணம்... மறைப்பானேன்?

ஜெபராஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ்.ஸையே தட்டுத்தடுமாறி முடித்தவர். மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதினார் — இரண்டு தடவையும் ஊற்றிக்கொண்டது. இதயம், கண், குழந்தை வைத்தியமெல்லாம் மார்க் வாங்கியவர்களுக்குப் போனது. யாருமே கேட்காமல் கிடந்த தொழுநோய் டாக்டர் வேலை இவருக்கு வந்தது.

வேண்டாவெறுப்பாகத்தான் சேர்ந்தார். இன்றைக்கு ஜீப்பில் திருவேங்கடம், குருவிகுளம் என்று கரிசல் காடெல்லாம் அலைகிறார். புது மாத்திரைகள் வந்தபிறகு நோய் குணமாகிறது. முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் இப்போது கடைவீதியில் நின்று இவரோடு பேசுகிறார்கள். "இனி ஹார்ட் டாக்டர் வேலையே தந்தாலும் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்பார் என்னிடம். சும்மா சொல்கிற பேச்சில்லை.

ஆனால், ஊர் அப்படி நினைக்க வேண்டுமே? அதனால் டாக்டரின் அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தது — "மகன் தோல் டாக்டர்."

ஜெபம் முடிந்தது. எமிலி காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளைக்கு பேங்க் உத்தியோகம். பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் பாதி விரல்கள் இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கிப் பின்வாங்கினார்.

"யாரு அது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

'யாரோ, தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை போதும். அம்மா கண்ணாலேயே கெஞ்சினார். ஜெபராஜ் எழுந்துபோய் அந்த மனிதரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

"நம்ம பேஷண்ட். நான் தொழுநோய் டாக்டர்லா? இவருக்குச் சுத்தமா குணமாயிட்டு. என்ன வே, வீடு வரைக்கும் வந்திருக்கீரு?"

"மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கு டாக்டரய்யா. நீங்க அவசியம் வரணும்."

சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப்பிறகு யாரும் காப்பியைத் தொடவில்லை. "ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்" என்று எழுந்தார்கள். போடமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா உடைந்துபோனார். "தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேல!"

ஜெபராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை என்றால் அவருக்கு உயிர்.

எமிலி, ஆடை படிந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அந்தக் கல்யாணம் என்னைக்குன்னு கேட்டியளா? நானும் வாரேன்."

ஜெபராஜ் அழுதேவிட்டார்.

அந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்து வைக்கவில்லை... வேறென்ன சொல்ல?