பெயர் சொல்லாமல் செய்த ஜெபம்

சென்ற ஆண்டு என் பேத்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே மேசையில் சாப்பிட்டோம். "ம்", "சரி" என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு சொல் வராது. குற்றம் என்னுடையது. அதில் கர்த்தர் எனக்குச் செய்த தயவை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரில் இடைநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள். கணவரை இழந்த என் மகள் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறாள். அதனால் பேத்தி பிரிசில்லா என்னிடம் தங்கிப் படித்தாள். வயது பதினாறு.

ஒரு மாலை சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, ஸ்கூல் கேட் கிட்ட போனாலே மூச்சு அடைக்குது. கை நடுங்குது. டாய்லெட்ல போய் உக்காந்து அழறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க லா."

"சொல்லமாட்டேன். ஜெபம் பண்ணும்மா, சரியாப் போயிரும்" என்றேன். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஜெபக்கூட்டம் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுந்து தன் வீட்டுக் கஷ்டத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுவார். மறைத்தால் விசுவாசக் குறைவு என்று நினைப்போம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்ப நேரம் வந்ததும் எழுந்தேன். "என் பேத்தி பள்ளிக்குப் போகப் பயந்து அழுகிறாள். சபையார் ஜெபிக்க வேண்டும்" என்றேன். கொடுத்த வாக்கு அந்த நேரம் நினைவிலேயே இல்லை.

அவள் வாலிபர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போதகர் அன்பாகத்தான் முன்னே அழைத்தார். பலர் அவள் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓர் அக்கா அவளைக் கேட்டார்: "என்னம்மா, பையன் விஷயமா?"

இன்னொருவர் என்னைப் பார்த்து, "ஃபோனைப் புடுங்கி வைங்க அண்ணே, பயமெல்லாம் ஓடிரும் லா" என்றார். சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் சபைப் பிள்ளைகள் சிலர் அவள் வகுப்பிலும் இருந்தார்கள். மறுநாளே, "ஏய், கிட்ட போகாத, அழுதுருவா" என்று கேலி தொடங்கிவிட்டது.

அந்த ஞாயிறு காரில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன் தாத்தா."

அதன் பிறகு அவள் அறைக் கதவு மூடியே இருந்தது. வெளியே நான் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி இறந்தபோதுகூட அந்த வீட்டில் எனக்கு அத்தனை தனிமை இல்லை.

பிறகு ஒரு நாள் பள்ளி விட்டும் அவள் வரவில்லை. ஃபோன் அணைந்திருந்தது. பள்ளிக்குப் போனேன், காலையிலிருந்தே வரவில்லை என்றார்கள். மகள் வேலையில் இருந்தாள், அழைப்பை எடுக்கவில்லை. போலீஸ் நிலையத்துக்குப் போகலாம் என்று காரில் ஏறினேன். ஏறியதும் கை தானாகச் சபையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தது. "பிரிசில்லாவைக் காணவில்லை, அவசரமாக ஜெபியுங்கள்" என்று எழுதினேன். அனுப்பும் முன், அன்று சபைக்கு முன்னே அவள் தலை குனிந்து நின்ற நிற்பு கண்முன் வந்தது. எழுதியதை அழித்தேன்.

ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். "ஆண்டவரே, அவள் பேரை ஊருக்குக் கொடுத்தேன். உம்மிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். அவளைக் காப்பாற்றும். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை." என் வாழ்நாளில் சாட்சிகள் இல்லாமல் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

காரைக் கிளப்பும்போது ஃபோன் அடித்தது.

"தாத்தா, சிம்பாங் பூலாய்ல இருக்கேன். வந்த பஸ்ல ஏறிட்டேன். பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கேன்."

"இந்தா வாரேன்மா. அங்கேயே இரு."

"சர்ச்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உங்கம்மாவுக்கு மட்டும்தான் கூப்பிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் அழத் தொடங்கினாள். நான் அந்தச் செய்தியை அனுப்பியிருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? என் விரலைத் தடுத்தவர் கர்த்தர். நான் கேட்கும் முன்பே எனக்குக் கிடைத்த பதில் அது.

போய்ச் சேர்ந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "வயசாச்சுல்ல, விடுங்க" என்றாள். அது மன்னிப்பா, குத்தலா தெரியவில்லை. பிறகு காரில் ஏறி உட்கார்ந்து பேசினாள். இந்த முறை நான் வசனம் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில், "யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லும்மா" என்றேன். அம்மா என்றாள். சற்று யோசித்து, பள்ளியின் ஆலோசக ஆசிரியை என்றாள். அவர் வழியாக மருத்துவரிடமும் போனோம்.

இப்போது அவள் தாயோடு தஞ்சோங் மாலிமில் படிக்கிறாள். பயம் முழுவதும் போகவில்லை, ஆனால் அது வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. நான் ஈப்போவில் தனியாகத்தான் இருக்கிறேன். அவள் ஃபோன் செய்கிறாள். சில நேரம் அழுவதற்காகவே செய்கிறாள். அதற்கு நான் தகுதியானவன் அல்ல. கர்த்தர் திருப்பிக் கொடுத்தது.

பிரிசில்லா என்பது அவள் உண்மைப் பெயர் இல்லை. இந்தப் பெயரைத் தந்து எழுதச் சொன்னவள் அவள்தான். சிம்பாங் பூலாயில் காரில் உட்கார்ந்து அவள் சொன்னதை மட்டும் எழுதக் கூடாது என்றாள், எழுதவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களை நம்பி ஒன்றைச் சொன்னால், முதலில் கேளுங்கள். உதவிக்கு யாரிடம் போகலாம் என்று அவர்களிடமே கேட்டு, கூடவே போங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் தாமதிக்காமல் உரியவர்களிடம் சொல்லுங்கள், சொல்லப் போவதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி கர்த்தரிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டம் கூடித்தான் அவர் கேட்க வேண்டும் என்பதில்லை. அன்று காரில் ஒரு கிழவன் அழுததை அவர் கேட்டார்.