கிட்னி டாக்டரின் கண்ணாடி

அப்பாவின் கிட்னியில் இருந்த கட்டியை எடுத்தவர் புதுக்கோட்டை டாக்டர் ஒருவர். மூக்குக்கண்ணாடிக்கு மேல் த்ரீடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் திரையைவிட்டு எழும்பி நிற்கும் அப்பாவின் கிட்னியை விரலசைவில் சுழற்றுவார். பரோட்டா மாஸ்டர் தோற்றுப்போவார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஹார்லிக்ஸோடு வந்த சொந்தக்காரர்களுக்கும் கண்ணாடி கொடுத்துக் காட்டினார். கல்யாண வீடியோவுக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. கட்டிலில் கிடந்த அப்பா பக்கம் யாருமே திரும்பவில்லை, டாக்டர் உட்பட. ஆனால் ஆபரேஷனில் ஒரு பிசகும் இல்லை.

போன மாதம் கறம்பக்குடியில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்து, அப்பாவை அழைத்துப்போய் நிறுத்தினேன். டாக்டருக்கு அப்பாவின் முகம் பிடிபடவில்லை.

"இடது கிட்னிங்க டாக்டர், ரத்தக்குழாய ஒட்டிக் கட்டி..." என்றேன்.

"அட, அந்தக் கிட்னியா! எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க," என்றார் அப்பா. "அதுக்குத் தொணையா நானும் வந்திருக்கேன்."