அடுப்பு வெடித்தது என்று சொன்னேன்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்து நான்கு நடக்கிறது. பேச்சு வெகு தெளிவு. அங்கன்வாடியிலோ பஸ்ஸிலோ யாராவது, "புள்ள எம்புட்டு அழகாப் பேசுது" என்று சொல்லிவிட்டால் எனக்கு உள்ளுக்குள் கலக்கமாகிவிடும். கண்பட்டுவிடும் என்ற பயம் இல்லை. என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். துணை சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் நர்ஸம்மா வருவார், மற்ற நாட்களில் அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். டவுன் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வேறு எதற்கும் ரோடு பிரிகிற விலக்குவரை நடக்க வேண்டும்.

ஊரில் பாதிப் பேர் வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போவார்கள். சிலர் மாமாவின் செட்டுக்குப் போவார்கள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கண்மாய்க்குப் பின்னால், கருவேலங்காட்டுக்குள், தகரக் கூரை போட்டு வெடி செய்துகொண்டிருந்தார். லைசென்ஸ் கிடையாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அம்மாகூட அதை "அண்ணன் தோட்டம்" என்றுதான் சொல்வாள்.

சித்தி, அம்மாவின் தங்கை, அங்கே மருந்து அடைக்கும் வேலை செய்தாள். சித்தப்பா இறந்துவிட்டார். ஆறு வயதில் ஒரு மகள். கம்பெனி வேன் ஏழு மணிக்கே வந்துவிடும். செட்டுக்கு என்றால் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். அதற்காகத்தான் அங்கே போனாள். கேலிக்காரி. நான் பாடத்தைச் சத்தமாகப் படித்தால், "யாராச்சும் அந்த ரேடியோவ அமத்துங்க" என்பாள். நிறுத்தினால், "ஏன் நிப்பாட்டிட்ட, இன்னொரு பக்கம் வாசி" என்பாள்.

தீபாவளி சீசனில் ஒரு சனிக்கிழமை மதியம் அது நடந்தது. தகரத்தைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா உளுந்து மாவு அப்பிய கையோடு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். மற்றவர்கள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் தப்பியிருந்தார்கள். சித்தியை வேம்படியில் கிடத்தி, மாமாவின் வேட்டியால் மூடியிருந்தார்கள்.

மாமா தன் போனைத் தொடவில்லை. அம்மாவின் போனை வாங்கி 108-ஐ அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"சித்தி சோறாக்கையில அடுப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்லு. வண்டிய விலக்குக்கு வரச் சொல்லு. நாங்க தூக்கிட்டு வந்துருவோம்."

"அண்ணே, அவ சின்னப்புள்ள" என்றாள் அம்மா.

"அதுக்குத்தேன் அதுட்ட குடுக்கேன். நமக்கு வாய் குளறும். அது பொஸ்தகம் மாதிரி பேசும்ல."

மறுமுனையில் ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் வந்தால் எழுந்து நின்று சொல்வதுபோல ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். எப்படி நடந்தது என்றதும், "மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துவிட்டது" என்றேன். மண்ணெண்ணெய் என்பது நானாகச் சேர்த்தது. மாமா அதைச் சொல்லித்தரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இடம்வரை வண்டி வர வழி உண்டா என்றது குரல். போனருகே காதை வைத்திருந்த மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். "இல்லை, பாதை மிகவும் குறுகலானது" என்றேன். லோடு ஏற்ற வாரந்தோறும் லாரி வந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன்.

கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். முள்ளுக்குள் ஒற்றையடிப் பாதையில் விலக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆம்புலன்ஸ் வந்து, பின்கதவைத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. நான் பேசியதால் எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மாமா ஏறவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல அம்மாவோடு என்னையும் ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தியின் முழங்கையில் ஒட்டியிருந்த சாம்பல்நிறப் பொடியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "உண்மையச் சொல்லுங்கம்மா. வெடிமருந்தா?"

அம்மா தரையைப் பார்த்தாள். நான் என் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். சித்தி கண்ணைத் திறக்காமலே, "புள்ள சொல்றது சரிதேன்" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு பெரியவர் எழுதியது அதுதான் முதல்முறை.

மதுரைக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள் சித்தி இறந்தாள். நர்சிங் முடித்த தோழி ஒருத்தியிடம் பல வருடங்கள் கழித்துக் கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும், சீக்கிரம் போயிருந்தாலும், அவ்வளவு தீக்காயத்துக்குப் பிழைத்திருக்க மாட்டாள் என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சித்தி மகளைத் தானே வளர்ப்பதாக மாமா கருமாதியன்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பொங்கலுக்கு முன்பே கேரளாவுக்குப் போய்விட்டார். அதன்பிறகுதான் அம்மாவுக்குத் துணிவு வந்தது. வெடிவிபத்தில் செத்தவள் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று மனு எழுதி வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார். தாள்களைப் புரட்டினார்.

"வெடிவிபத்துன்னு கேக்குறீங்க. ஆஸ்பத்திரி பேப்பர்ல மண்ணெண்ணெய் அடுப்புன்னு இருக்கு. போலீஸ்லயும் அதுதான். நான் என்னம்மா செய்ய? இத யாரு சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை வலிக்கும்படி அழுத்தினாள்.

"நாந்தேன்யா சொன்னேன்" என்றாள்.

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். சித்தி மகள் அம்மாவின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அம்மாவை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். அத்தனை கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னது நான். அதைத் தான் சொன்னதாக அம்மா சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கோபம்.