பூநாரைகளைப் பார்த்து நான் கை தட்டிய மாலை

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நானும் செந்திலும் தனியாக எங்கேயும் தங்கப் போனதில்லை. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, இந்த ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு பழவேற்காட்டுக் கடற்கரையில் ஒரு காட்டேஜ் எடுத்தோம். அவருக்கு நண்டு. எனக்குப் பூநாரை. ஆறு மாதம் யோசித்து வாங்கிய ஜூம் லென்ஸ் ஒன்று என் பையில் இருந்தது.

சென்ட்ரலில் காலை 6.05க்குக் கும்மிடிப்பூண்டி ரயில். ஒரு மணி நேரத்தில் பொன்னேரி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினால் பழவேற்காடு பத்தொன்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் நெல் வயல், தூரத்தில் புகைபோக்கிகள். அங்கிருந்து ஆட்டோவில் பாலம் தாண்டி மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய். காட்டேஜ் ஒரு நாளைக்கு 2,800. ஓட்டுக்கூரை, இரண்டு அறை, நூறு அடி நடந்தால் கடல். ஏசி இல்லை, தேவையும் படவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்வதும் சமைப்பதும் கௌரி. என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் குப்பத்துக்காரர். பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர். மதியம் அவர் வைத்த நண்டுக் குழம்புக்குச் செந்தில் மூன்று தரம் சோறு வாங்கினார். "பறவ பாக்கணும்னா மூணரைக்கு மேல கெளம்பலாம் மேடம், நானே இட்டுனு போறேன்" என்றார் கௌரி.

ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஏரிக்கரை மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டேன். முந்நூறு பூநாரைகளாவது இருக்கும். முழங்கால் தண்ணீரில், தலையைக் கவிழ்த்து, சத்தமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் நானூறு படம் எடுத்தேன். எல்லாம் நிற்கும் பறவை. சிறகு விரிந்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். எனக்கு அது வேண்டும்.

மேட்டிலிருந்து சேற்றுப் பக்கம் இறங்கினேன்.

"கிட்ட போவாதீங்க மேடம். அதுங்க பாட்டுக்கு மேயுது. அந்தாண்ட கரண்டு கம்பி போவுது பாருங்க, பயந்து எயும்பிச்சின்னா அதுல மாட்டிக்கும்."

கம்பி எனக்கும் தெரிந்தது. பறவைகளுக்குப் பின்னால் கம்பத்துக்குக் கம்பம் போய்க்கொண்டிருந்தது. வானத்தில் பறக்கிற பறவைக்குக் கம்பி தெரியாதா என்ன என்று நினைத்தேன். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பலமாக மூன்று தரம் தட்டினேன். "ஓய்!" என்று கத்தவும் செய்தேன்.

மொத்தக் கூட்டமும் தண்ணீரில் ஓடி எழும்பியது. கேமராவைத் தூக்கினேன். லென்ஸ் முழுக்கச் சிவப்பு. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்போது ஒரு பறவை காற்றிலேயே நின்றது. அப்படித்தான் தெரிந்தது. கம்பி அதிர்கிற சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. அது சுருண்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

செந்தில் "ஐயோ" என்றார். என்னால் கேமராவைக் கீழே இறக்க முடியவில்லை.

கௌரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். தொடை வரை சேறு. விழுந்த இடத்துக்குப் போய் முதல் பறவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஒரு சிறகு தலைகீழாகத் தொங்கியது.

"துப்பட்டா குடுங்க. கண்ண மூடுனா அடங்கும்."

தலையில் சுற்றி என் மடியில் வைத்தார். அவ்வளவு பெரிய பறவைக்கு எடையே இல்லை. அதன் இதயம் என் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

கௌரி போன் செய்ததில் வனத்துறை ஊழியர் ஒருவர் முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தார். பின் சீட்டில் அட்டைப்பெட்டி.

"எப்படி ஆச்சு?"

"தானாவே பறந்துச்சு சார்..." என்று செந்தில் ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான். கௌரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியைக் காட்டிக்கொடுத்தால் அவருடைய வேலை என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் கை தட்டிக் கிளப்பினேன்" என்றேன். "இவங்க வேணாம்னு சொன்னாங்க. கேக்கல."

வனத்துறை ஊழியர் நோட்டைத் திறந்தார். "படிச்சவங்கதானே?" என்றார். பெயர், முகவரி எழுதிக்கொண்டார். விசாரணைக்குக் கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். வருவேன் என்றேன்.

ஞாயிறு காலை கௌரி வழக்கம்போல நாஷ்டா கொண்டுவந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என் மேல கோவமா கௌரி?"

"கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? அடுத்த வாரம் வேற ஆளு வருவாங்க. அவுங்களுக்கும் இதே தான் சொல்லணும். கேக்குறவங்க கேப்பாங்க." தோசையைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் பறவையை வைத்திருந்த கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். சிறகு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. "உயிருக்குப் பயமில்லை. இனி பறக்காது" என்றார் டாக்டர். உயிரியல் பூங்காவுக்கு அனுப்புவார்களாம்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஏழுக்கு முன், மாலை நாலுக்கு மேல். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் போதும். மேட்டை விட்டு இறங்க வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பறவை தானாகப் பறக்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், தயவுசெய்து கடலோடு நின்றுவிடுங்கள். வனத்துறையிலிருந்து எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. வந்தால் போவேன்.