அந்தோனியாருக்கு ஏலம் போன சால்மன்

ஜெர்மனியில் ஒரு தூண்டில் போடுவதற்கு மாமா பரீட்சை எழுத வேண்டி வந்தது. எங்கள் வீட்டில் அது வெகுகாலம் சிரிப்புக்குரிய விஷயமாக இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மன்னாரில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு வள்ளத்தில் ஏறியவர். அப்படிப்பட்டவர் எங்கள் சமையலறை மேசையில் மீன் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, நான் விரலை வைத்த மீனுக்கு ஜெர்மன் பெயர் சொல்லத் தடுமாறுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் அதிகாரம் செய்ய வேறு ஆள் கிடைக்காததால் அந்த வேலையை மிகவும் கண்டிப்பாகச் செய்தேன். மன்னாரில் இருந்த அம்மாவின் அப்பா, எங்கள் அம்மப்பாவுக்கு இந்தப் பரீட்சை விஷயத்தைப் போனில் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

மாமா பாஸ் பண்ணி ஊரின் மீன்பிடிச் சங்கத்திலும் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் சட்டங்களின் முழு அழகும் தெரிய வந்தது. பிடிக்க அனுமதி உள்ள மீன் உரிய அளவில் மாட்டினால் அதைக் கொண்டுபோய்ச் சாப்பிட வேண்டும். விளையாட்டுக்குப் பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது மீனை வதைப்பதாகும். சால்மன் மாட்டினாலோ உடனே விட வேண்டும், தொட்டதற்கும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெதுவாக விட வேண்டும். சாப்பிட்டாலும் பிழை, சாப்பிடாவிட்டாலும் பிழை என்றால் ஒரு மனுஷன் எதைத்தான் செய்வது என்று அப்பா கேட்பார்.

எங்கள் ஊருக்குள்ளால் ஓடிப்போய் ரைன் நதியில் விழும் அந்த ஆற்றில் ஒரு காலத்தில் சால்மன் நிறைய இருந்ததாம். தொழிற்சாலைக் கழிவும் அணைகளும் சேர்ந்து அவற்றை இல்லாமல் ஆக்கிவிட்டன. இப்போது சங்கத்தார் ஒவ்வொரு வசந்தத்திலும் விரல் நீளக் குஞ்சுகளை வாங்கி வாளி வாளியாக ஆற்றில் ஊற்றினார்கள். அவை கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பி வரும் என்பது நம்பிக்கை. காசு கொடுத்து மீன் வாங்கித் தண்ணீரில் ஊற்றுகிற மனிதர்களை மாமா அதற்கு முன்பு கண்டதில்லை.

அணைக்குக் கீழே ஆறு குழிந்து ஆழமாகக் கிடக்கும். மாமா அதை ஆழக்கிடங்கு என்பார். வேலை முடிந்து வந்ததும் அங்கேதான் போய் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் கீழ்வீட்டு ஓபா இருப்பார். ஓபா என்றால் ஜெர்மனில் தாத்தா. அவர் எனக்குச் சொந்தத் தாத்தா இல்லை என்றாலும் பிறந்தநாளுக்குச் சாக்லேட் தருவதில் குறை வைத்ததில்லை. மாமாவின் ஜெர்மனும் ஓபாவின் சுபாவமும் அதிகம் பேச இடம் கொடுக்காதவை. ஆகவே இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள்.

அந்த வசந்தத்தில் சங்கத் தலைவி கூட்டத்தில் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். சால்மன் திரும்பி வந்தால் அணையை ஏறுவதற்கு முன் ஆழக்கிடங்கில்தான் தங்கி நிற்கும். ஆகவே ஆடி தொடங்கி வருஷ முடிவு வரை அங்கே ஒருவரும் தூண்டில் போடக் கூடாது. மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. மாமாவுக்கு மொழிபெயர்க்கப் போன நான், எந்தப் பக்கத்துச் சத்தத்தை முதலில் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன். ஓபா எழுந்து, சால்மன் எல்லாம் தன் அப்பா காலத்தோடு போய்விட்டது, வராத விருந்தாளிக்காக வீட்டுக்காரனை வெளியே நிறுத்துவதா என்று கேட்டார். அந்தக் கிடங்கில் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், மூடுவதற்கு முதல் கையைத் தானே உயர்த்துவதாகவும் சொன்னார். எல்லாரும் ஆறுதலாக யோசிக்கட்டும் என்று வாக்கெடுப்பை ஆனி மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"அங்கை கடலை மூடினாங்கள். இங்கை ஆத்தை மூடப் போறாங்கள்."

கடலை மூடிய கதை எனக்குத் தெரியும். மாமா இளந்தாரியாக இருந்த யுத்த காலத்தில் ஒரு நாள் ஆமிக்காரர் ஜீப்பில் வந்து, இனி ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுப் போனார்களாம். அம்மப்பாவின் வள்ளம் வருஷக் கணக்கில் மணலில் கிடந்து வெயிலில் வெடிப்பு விட்டதாம். கடைசியில் ஒரு கோழி அதற்குள் முட்டையிட்டு அடைகாத்ததாம். மாமா இதை எப்போதும் பகிடியாகத்தான் சொல்வார். எனக்கும் கோழிதான் ஞாபகத்தில் நின்றது.

அதே வசந்தத்தில் மாமி வந்து சேர்ந்தார். விசாவுக்காகக் கொழும்பில் நெடுங்காலம் காத்திருந்தவர். மாமி வந்து இறங்கினால், அதற்குப் பிறகு பிடிக்கும் முதல் பெரிய மீனை அந்தோனியாருக்குக் கொடுப்பதாக மாமா நேர்த்தி வைத்திருந்தார். மன்னாரில் அப்படித்தான் செய்வார்கள். திருநாளன்று மீனைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள், பூசை முடிந்து அது ஏலத்தில் போகும், ஏலம் எடுத்தவர் வீட்டில் அன்றைக்குக் கறி. எங்கள் ஊர்த் தமிழர்களும் ஜெர்மன் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அந்தோனியார் திருநாளைக் கொண்டாடுவார்கள். ஆனால் மாமி வந்ததிலிருந்து மாமாவின் தூண்டிலில் கைப்பிடி அளவைத் தாண்டி ஒரு மீனும் மாட்டவில்லை.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் நானும் மாமாவும் ஆழக்கிடங்கில் இருந்தோம். ஓபாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. தூண்டில் ஒரேயடியாக வளைந்தது. மாமா எழுந்து நின்றார், இருந்தார், மறுபடியும் எழுந்தார். பிடியுள்ள கைவலையை நான்தான் தண்ணீருக்குள் பிடித்தேன், முழங்கைவரை நனைந்தேன். உள்ளே வந்து விழுந்தது என் கால் நீளத்துக்கு ஒரு மீன். வெள்ளித்தட்டைத் தேய்த்து வைத்த மாதிரி உடம்பு. பரீட்சைப் படத்தில் நான் நூறு தரம் விரல் வைத்த மீன்.

"சால்மன்," என்றேன்.

மாமா என் கையிலிருந்து வலையை வாங்கித் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் அந்தோனியாரின் மீன் கிடந்தது, சட்டத்தின் மீனும் அதுவேதான். வெளியே தெரிந்தால் கிடங்கு போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றினார். வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துப் பக்கம் திருப்பி, அதற்கு மூச்சு வரும்வரைக்கும் குனிந்தே நின்றார். அது ஒரு உதறு உதறிவிட்டுப் போனது. எனக்கு அழுகை வந்தது. மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, ஒருத்தருக்கும் சொல்லாதே என்றார்.

அந்த இரகசியம் இராச்சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது. நேர்த்தி விஷயத்தை மாமியிடம் மறைக்க மாமாவால் முடியவில்லை, சோற்றைப் பிசைந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அம்மா உடனே கடையில் ஒரு சால்மன் வாங்கிக் கொடுக்கலாம் என்றார். நோர்வேயில் வளர்த்த மீனைக் காட்டி அந்தோனியாரை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று அப்பா சிரித்தார். சத்தம் போடாமல் அடுத்த மீனைக் கொடுத்தால் என்ன என்று மாமா மெல்லக் கேட்டார். மாமி சோற்றுக்கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதல் மீன் எண்டுதானே சொன்னனீங்கள்? அது எங்கை நிண்டால் என்ன, அவருக்குத் தெரியும்தானே. ஏலத்திலை விடுங்கோ."

மறுநாள் மண்டபத்தில் அப்பாதான் ஏலம் கூறினார். அவருடைய குரலுக்கு மைக் தேவையில்லை. பலாப்பழம், கேக், இரண்டு சேவல் எல்லாம் போன பிறகு மாமா முன்னால் வந்து நின்றார். கையில் வெள்ளைத் துணி விரித்த வெறும் தட்டு, அதில் ஒரு பூமாலை.

"ஒரு சால்மன்," என்றார் அப்பா. "உயிரோடை இருக்குது. ஆத்திலை இருக்குது. எடுக்கிறவர் பிடிக்கவும் ஏலாது, தின்னவும் ஏலாது."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு ஓய்ந்த பிறகு ஒருவரும் விலை கேட்கவில்லை. அந்தோனியாரின் பொருளை ஏலத்தில் எடுக்க ஆளில்லாமல் போவது நல்லதில்லை. மாமாவின் காது சிவந்தது, மாமி தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பொரிக்கும் ரோல்ஸுக்காக வருஷம் தவறாமல் வரும் கீழ்வீட்டு ஓபா எனக்குப் பக்கத்தில் இருந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். ஆழக்கிடங்கு, சால்மன், நேர்த்தி, ஏலம் எல்லாவற்றையும் அவருக்கு ஒரே மூச்சில் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார்.

வெள்ளைக்காரர் கேட்டதும் மண்டபத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்கார அண்ணை ஒருவர் கூட்டிக் கேட்டார், ஓபா அதற்கு மேலே கேட்டார். இரண்டு பேரும் விடுவதாயில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று அப்பா மேசையில் தட்டியபோது சால்மன் ஓபாவுக்குச் சொந்தமாயிற்று. மாமா தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஓபா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு காலையும் நொண்டி நொண்டி அணைக்குப் போய் வருவதைப் பார்த்து, மீனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நான் கேட்டேன். கூப்பிட்டால் வருகிற மீனுக்குத்தான் பெயர் வைப்பது என்றார்.

அடுத்த கிழமை சங்கக் கூட்டம். ஓபாவின் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, முதலில் ஒரு சால்மனைக் காட்டுங்கள், பிறகு மூடுங்கள் என்றார். மண்டபத்தில் பாதிப்பேர் அதை ஆமோதித்து மேசையில் தட்டினார்கள். ஓபா எழுந்தார். ஒன்று இருக்கிறது, அது என்னுடையது என்றார். சிரிப்பு அடங்கியதும், தன் கண்ணால் காணவில்லைதான், ஆனால் இந்த மனுஷன் தன் புனிதரிடம் பொய் சொல்ல மாட்டான் என்று மாமாவைக் காட்டினார். தலைவி, மூடுவதற்குச் சம்மதமானவர்கள் கை உயர்த்தும்படி கேட்டார். ஓபா சொன்னபடியே முதல் கையை உயர்த்தினார்.

கொஞ்சம் பொறுத்து மாமாவின் கையும் மேலே போனது. அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, மூடுறதுக்குத்தான் இப்ப கேக்கினம்."

"தெரியும், பிள்ளை."

கைகளை எண்ணிக்கொண்டு வந்த பெண் மாமாவின் கைக்கும் தலையாட்டிவிட்டுப் போனாள். மூடுவது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும், இனி அங்கே மீன் பிடிக்க முடியாதா என்று மாமி கவலையோடு கேட்டார். முடியாது என்று மாமா சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவிடம் சொன்னார், அப்பாவிடம் சொன்னார், கடைசியில் மன்னாருக்குப் போன் எடுத்தார். அவ்வளவு நாள் ஆசையாக இருந்த இடம் பறிபோய்விட்டதே, பாவம், கவலையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஓபா தந்த சாக்லேட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் இருக்கும் அம்மப்பாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசினார்.

"ஓம் ஐயா, மூடியாச்சு. இல்லை, ஆமி இல்லை. நாங்கள்தான். என்னட்டையும் கேட்டவை, ஐயா. என்ரை கையையும் எண்ணினவை."

அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, போனை வைக்கும்படி நான் மாமாவுக்குக் கை காட்டினேன்.